கை வைக்காமலே வால்யூம் குறைகிறது: குடியாத்தம் பாட்டு டீச்சருக்கு ஒரு பதில்

கேள்வியின் சுருக்கம் முதலில். குடியாத்தத்தில் இருந்து ஒரு பாட்டு டீச்சர் எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஜூமில் வகுப்பு எடுக்கிறார். லேப்டாப் விண்டோஸ் 11. அதிலேயே தம்புரா ஆப்பை ஓடவிட்டுப் பாடுகிறார். வகுப்பு ஆரம்பித்ததும் தம்புரா சத்தம் பொசுக்கென்று இறங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கோ தம்புராவே கேட்பதில்லை. டீச்சர் குரலும் ஒரு நேரம் ஓங்கி, ஒரு நேரம் அமுங்கிப் போகிறது. வகுப்பு இல்லாத நேரத்தில் ஹெட்செட் போட்டுப் பழைய கச்சேரி கேட்டால், யாரும் தொடாமலே வால்யூம் படபடவென்று பூஜ்யத்துக்கு ஓடுகிறது. மகன் வைரஸ் என்கிறார், கடைக்காரர் மதர்போர்டு போச்சு என்கிறார். வீட்டை ஒட்டி விசைத்தறி ஓடுகிறது என்று கடைசி வரியில் போகிறபோக்கில் ஒரு தகவல். உண்மையில் அந்த வரிதான் எனக்கு ரொம்ப உதவியது.

டீச்சர், உங்கள் லேப்டாப்பில் இருப்பது ஒரே ஒரு தொல்லை இல்லை, மூன்று. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் கிடையாது. மூன்றையும் ஒன்றாகப் போட்டு 'வால்யூம் தானா மாறுது' என்று சொல்வதால்தான் கேட்கிறவர்கள் வைரஸ், மதர்போர்டு என்று பெரிய இடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஃபார்மேட் எதுவும் போட வேண்டாம். போட்டாலும் முதல் தொல்லை அப்படியே திரும்பி வரும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன், செட்டிங்ஸில் கை வைப்பதற்கு முன், ஒன்றே ஒன்று செய்யுங்கள். சத்தம் மாறும் அந்த நொடியில் திரையைப் பாருங்கள். டாஸ்க்பாருக்கு மேலே, நடுவில், வால்யூம் பட்டை தோன்றுகிறதா? (விண்டோஸ் 10 என்றால் இடது மேல் மூலையில் வரும்.) தோன்றினால், ஏதோ ஒரு பொத்தான் அழுத்தப்பட்டதாகக் கம்ப்யூட்டர் நினைக்கிறது: கீபோர்டில், ஹெட்செட் ஒயரில், எங்கேயோ. பட்டை தோன்றாமல், ஆனால் ஸ்பீக்கர் சின்னத்தைத் தட்டிப் பார்த்தால் எண் மாறியிருக்கிறது என்றால், ஒரு மென்பொருள் உள்ளே புகுந்து மாற்றியிருக்கிறது, அல்லது ஒலி வேறொரு சாதனத்துக்குத் தாவியிருக்கிறது. எண்ணும் மாறவில்லை, பட்டையும் வரவில்லை, காதுக்கு மட்டும் சத்தம் குறைந்தது என்றால், அந்த ஒரு ஆப்பின் ஒலியை மட்டும் விண்டோஸ் அமுக்குகிறது, அல்லது ஒலியைப் 'பதப்படுத்தும்' ஏதோ ஒரு வசதி வேலை செய்கிறது, அல்லது ஒயர், ஸ்பீக்கர் பக்கம் கோளாறு. இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. என்னிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான். முக்கால்வாசிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் முதல் தொல்லை, அதாவது வகுப்பு ஆரம்பித்ததும் தம்புரா இறங்குவது, மூன்றாவது வகை. இது கோளாறே இல்லை, விண்டோஸ் தெரிந்தே செய்கிற வேலை. 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. பேச்சு அழைப்பு ஒன்று தொடங்கியதாகத் தெரிந்தால், மற்ற ஆப்களின் சத்தத்தை 80 சதவீதம் குறைத்துவிடு என்பதுதான் அதில் முன்கூட்டியே போட்டிருக்கும் விதி. பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது ஃபோன் வந்தால் நல்லதுதானே என்று யோசித்து வைத்தது. தம்புராவும் வகுப்பின் ஒரு பகுதி என்று அதற்கு எப்படித் தெரியும்? புதிதாக விண்டோஸ் போட்டாலும் இதே விதியோடுதான் வரும். அதனால்தான் ஃபார்மேட் வேண்டாம் என்றேன்.

மாற்றுவது சுலபம். செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய்ப் பக்கத்தின் அடிக்கு வாருங்கள். 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். தட்டினால் பழைய காலத்துச் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் கடைசியாக 'கம்யூனிகேஷன்ஸ்' என்று ஒரு பக்கம். உள்ளே நான்கு வட்டங்கள்: எல்லாவற்றையும் ஊமையாக்கு, 80 சதவீதம் குறை, 50 சதவீதம் குறை, ஒன்றும் செய்யாதே. கடைசி வட்டமான 'டூ நத்திங்'கைத் தேர்ந்து ஓகே கொடுங்கள். ஜூமை முழுக்க மூடித் திறந்து பாருங்கள். தம்புரா இருந்த இடத்தில் இருக்கும்.

அதே பெட்டியில், பிளேபேக் பக்கத்தில் உங்கள் ஸ்பீக்கரை இரண்டு முறை தட்டினால் 'அட்வான்ஸ்டு' என்று வரும். அதில் ஒரு ஆப் இந்தச் சாதனத்தைத் தனக்கே தனக்கென்று எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் டிக் ஒன்று இருக்கும். எடுத்துவிடுங்கள். உங்களுக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

இரண்டாவது தொல்லைதான் கொஞ்சம் ஆழமானது. பிள்ளைகளுக்குத் தம்புரா கேட்காததும், உங்கள் குரல் ஏறி இறங்குவதும் மைக் பக்கத்துச் சங்கதி. இங்கே ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடக்கிறது.

ஒன்று, இரைச்சல் நீக்கம். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக ஓடும் எந்த ஒலியையும் ஜூம் மாதிரி ஆப்கள் இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். ஃபேன், ஏசி, மோட்டார் எல்லாம் அப்படித்தான் ஒலிக்கும். தம்புராவும் அப்படித்தான் ஒலிக்கும். ச-ப-ச என்று அறுபடாமல் ஓடுவதுதானே அதன் அழகு; அந்த அழகே அதைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறது. உங்கள் அறையில் ஸ்பீக்கரில் ஓடும் தம்புராவை மைக் பிடிக்கிறது, ஜூம் அதைத் துடைத்துவிட்டு வெறும் குரலை மட்டும் அனுப்புகிறது. போதாததற்கு, தன்னிடம் இருந்தே வரும் ஒலி மைக்கில் திரும்பி நுழையாமல் தடுக்கும் எதிரொலி நீக்கம் வேறு. நீண்ட கார்வை பிடிக்கும்போது உங்கள் குரலே நடுவில் நைந்துபோவதாகப் பிள்ளைகள் சொன்னால் அதற்கும் இதே காரணம்தான்.

இன்னொன்று, மைக்கின் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி. நீங்கள் பாடாமல் இருக்கும் நேரத்தில் 'சத்தம் பத்தவில்லையே' என்று மைக்கை ஏற்றுகிறது. ஏற்றியதும் பக்கத்துத் தறியின் சத்தம் உள்ளே வருகிறது. நீங்கள் மேல் ஷட்ஜத்தைப் பிடித்ததும் 'ஐயோ, அதிகம்' என்று இறக்குகிறது. இறக்கிய பிறகு கீழே மந்திர ஸ்தாயிக்கு வந்தால் உங்கள் குரல் கேட்காது. பேச்சுக்கு இது சரி, ஏனென்றால் பேச்சு ஒரு சின்ன எல்லைக்குள்ளேயே நடக்கும். பாட்டில் சத்தத்தின் ஏற்ற இறக்கமே சங்கதி. அதை ஒரு இயந்திரம் சமப்படுத்தினால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

நேரில் பார்க்க வேண்டுமென்றால், வகுப்பு ஓடும்போது செட்டிங்ஸில் சவுண்ட் பக்கத்தைத் திறந்து, 'இன்புட்' என்பதன் கீழ் உங்கள் மைக்கின் அளவுக் கோட்டைக் கவனியுங்கள். 90, 72, 55, மறுபடி 80 என்று ஆவி புகுந்ததுபோல நகர்ந்துகொண்டிருக்கும். சிலர் கோட்டைப் பிடித்து 80-இல் வைப்பார்கள், அது மறுபடி நகரும், இவர்கள் மறுபடி இழுப்பார்கள். அங்கே இழுத்துப் பயனில்லை. கயிறு ஜூமின் கையில் இருக்கிறது.

ஜூமின் செட்டிங்ஸில் ஆடியோ பக்கத்துக்குப் போங்கள். மைக் வால்யூமைத் தானாகச் சரிசெய்யும் டிக் ஒன்று மைக் கோட்டுக்குக் கீழே இருக்கும். எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒன்று இருக்கும். உங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்தது. அதைத் தேர்ந்தால் இரைச்சல் நீக்கம் விலகிக்கொள்ளும். ஆனால் இங்கே தேர்ந்தது மட்டும் போதாது. வகுப்பு ஆரம்பித்ததும் ஜூம் திரையின் மேல் பக்கத்தில் அதே பெயரில் ஒரு பொத்தான் தெரியும், அதை ஒவ்வொரு முறையும் 'ஆன்' ஆக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பதிப்புக்குப் பதிப்பு இந்தப் பொத்தான்களின் இடம் கொஞ்சம் மாறும், பெயரைப் பிடித்துத் தேடுங்கள். எதிரொலி நீக்கத்தையும் எடுத்துவிடலாம், ஆனால் நீங்கள் ஹெட்செட் போட்டிருந்தால் மட்டும். ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு எடுத்தால் பிள்ளையின் குரல் பிள்ளைக்கே திரும்பிப் போய்க் குழப்பும்.

இரைச்சல் நீக்கம் போனால் தறிச் சத்தமும் சேர்ந்து கேட்குமே என்று கேட்பீர்கள். கேட்கும். இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவந்து, அதன் அளவைக் குறைத்து வையுங்கள். குரல் முன்னே வரும், தறி பின்னே போகும். லேப்டாப்பில் பதித்த மைக்கைவிட ஒயரில் தொங்கும் மைக் இதற்கு எவ்வளவோ மேல். பழைய பெட்டியில் ரெக்கார்டிங் பக்கத்தில் உங்கள் மைக்கைத் திறந்து 'லெவல்ஸ்' பாருங்கள். 'மைக்ரோஃபோன் பூஸ்ட்' என்று ஒரு கோடு இருந்து, அது 20, 30 டெசிபலில் நின்றால், பூஜ்யத்துக்கோ 10-க்கோ இறக்குங்கள். கூகுள் மீட் போல பிரவுசரில் ஓடுகிறவற்றில் மைக் அளவைப் பூட்டும் சுவிட்ச் வெளியே வைக்கப்படவில்லை. அதனால் பாட்டு வகுப்புக்கு ஜூமிலேயே இருங்கள் என்பது என் யோசனை. இன்னொரு பக்கத்தில் மீட் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். அதுவும் சேர்ந்து அதே மைக்கைப் பிடித்து இழுக்கும்.

தம்புராவுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. அது மைக் வழியாகப் போகவே வேண்டியதில்லை. ஜூமில் 'ஷேர்' தட்டி, அட்வான்ஸ்டு பக்கத்தில் 'கம்ப்யூட்டர் ஆடியோ'வை மட்டும் பகிருங்கள். லேப்டாப்பில் ஓடும் தம்புரா நேராகப் பிள்ளைகளுக்குப் போய்விடும். சில நூறு மில்லிசெகண்ட் தாமதம் இருக்கும்தான். ஸ்ருதிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, எந்த நொடியில் பிடித்தாலும் அது அதேதான். தாளம் அப்படி இல்லை, அங்கே உதைக்கும். ஆன்லைனில் இருவரும் சேர்ந்து தாளம் போட்டுப் பாட முடியாமல் போவது இந்தத் தாமதத்தால்தான்; அதற்கு எந்த செட்டிங்ஸும் மருந்து ஆகாது.

இப்போது மூன்றாவது, அந்தப் படபடவென்று பூஜ்யத்துக்கு ஓடுவது. நீங்கள் சொல்லும் விதத்தைப் பார்த்தால் திரையில் பட்டை நிச்சயம் வந்திருக்கும். ஹெட்செட் போட்டிருக்கும்போதுதான் நடக்கிறது என்பதால் என் சந்தேகம் முழுக்க ஒயரின் மேல்.

ஹெட்செட் ஒயரில் தொங்கும் பொத்தான்களுக்குத் தனி ஒயர் கிடையாது தெரியுமா? மைக் ஒயரிலேயே அவை வேலை செய்கின்றன. ஒவ்வொரு பொத்தானை அழுத்தும்போதும் மைக்குக்கும் தரைக்கும் (கிரவுண்டு ஒயருக்கும்) நடுவில் ஒவ்வொரு அளவு மின்தடை விழும். அதைப் படித்துத்தான் எந்தப் பொத்தான் என்று கருவி கண்டுபிடிக்கிறது. ஆண்ட்ராய்டு வகுத்த வரையறைப்படி சத்தம் கூட்ட 210 முதல் 290 ஓம், குறைக்க 360 முதல் 680 ஓம். ஃபோனில் மட்டும் இல்லை, சில லேப்டாப்களும் இதைப் படிக்கும். இப்போது யோசியுங்கள். ஹெட்செட்டைச் செருகும் ஓட்டையான ஜாக்கில் ஈரம், வியர்வை உப்பு, பச்சைக் களிம்பு ஏதாவது ஏறி மைக்குக்கும் தரைக்கும் நடுவில் மின்சாரம் லேசாகக் கசிந்தால், கருவிக்கு அது ஒரு பொத்தான் அழுத்தியதாகவே தெரியும். குறைக்கும் பொத்தானின் எல்லை அகலமாக இருப்பதால் கசிவு அங்கே போய் விழும் வாய்ப்பும் கூடுதல். ஏறாமல் இறங்கிக்கொண்டே போவதற்கு இது பொருத்தமான காரணம்.

அடுத்தது அந்தத் தறி. தறி ஓடும் தெருவில் பஞ்சுத் துகள் எங்கே போகாது? 3.5 மில்லிமீட்டர் ஜாக் ஓட்டையைச் செல்ஃபோன் டார்ச்சில் பாருங்கள். அடியில் சாம்பல் நிறத்தில் அழுத்திய பஞ்சு உட்கார்ந்திருக்கும். ஹெட்செட்டின் பின்னைச் செருகும்போதெல்லாம் அது இன்னும் கெட்டிப்பட்டு, பின்னின் கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நிற்கும். அரைகுறையாக நிற்கும் பின்னில் வளையங்கள் தவறான தொடுமுனைகளில் உட்காரும். அப்போது பொத்தான் குழப்பமும் வரும். ஹெட்செட் செருகியிருக்கிறதா இல்லையா என்றே லேப்டாப்புக்குக் குழப்பமும் வரும். ஹெட்செட்டுக்கு ஒரு வால்யூம், லேப்டாப் ஸ்பீக்கருக்கு ஒரு வால்யூம் என்று விண்டோஸ் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும் என்பதால், நொடிக்கொரு முறை தாவினால் சத்தம் ஏறி இறங்குவதுபோலவே இருக்கும்.

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மரத்தாலான பல் குத்தும் குச்சியால் அந்தப் பஞ்சை மெல்லச் சுரண்டி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம்; உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டை வளைத்துவிட்டால் பிறகு நிஜமாகவே கடைக்குத்தான் போக வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காதுக்குச்சியால் ஹெட்செட்டின் பின்னைத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய், சென்ட் எதுவும் வேண்டாம். நம் பக்கத்தில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஷாப்கள் இருக்கும் இடத்தில் வேறொரு தொல்லை: தோல் பதனிடும் இடத்தில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியையும் செம்பையும் கருக்கிவிடும். அங்கே இருந்து வரும் பின்கள் கறுத்துப்போய் வருவதைப் பார்க்கிறேன். குடியாத்தத்தில் உங்களுக்குப் பஞ்சு.

துடைத்த பிறகு ஒரு மாலை முழுக்க ஹெட்செட் இல்லாமல் லேப்டாப் ஸ்பீக்கரிலேயே கச்சேரி கேளுங்கள். பட்டை வரவே இல்லை என்றால் ஒயர்தான். பொத்தான் இல்லாத சாதா ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஹெட்செட் இல்லாமலும் பட்டை வந்தால், கீபோர்டில் வால்யூம் குறைக்கும் விசை சிக்கியிருக்கிறது. பஞ்சு அங்கேயும் போகும். வெளியே யூஎஸ்பி கீபோர்டு மாட்டியிருந்தால் அதை முதலில் பிடுங்கிப் பாருங்கள். திருகும் குமிழ் வைத்த கீபோர்டு என்றால் குமிழின் உள்ளே தூசி போய், ஏற்றினால் இறங்கும், இறக்கினால் ஏறும்.

கச்சேரி கேட்பதாகச் சொன்னதால் இன்னொன்று. மிருதங்கம் விழும்போதெல்லாம் பாட்டு உள்ளே போய்விட்டு வருகிறதா? திரையில் எதுவும் அசையாமல் இப்படி நடந்தால், அது சத்தத்தைச் சமப்படுத்தும் வசதியின் வேலை. விண்டோஸில் 'லவுட்னெஸ் ஈக்குவலைசேஷன்' என்று இருக்கும். சில லேப்டாப்களில் டால்பி, டிடிஎஸ், மேக்ஸ்ஆடியோ என்று தயாரிப்பாளர் போட்ட ஆப் ஒன்று தனியாக இதைச் செய்யும். சவுண்ட் பக்கத்தில் உங்கள் ஸ்பீக்கரைத் தட்டி 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை 'ஆஃப்' ஆக்குங்கள், பிறகு அந்தத் தனி ஆப்பையும் திறந்து அணையுங்கள். ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு மாறவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். சினிமா வசனத்துக்கு இந்த வசதி நல்லதுதான், கர்நாடக சங்கீதத்துக்கு ஆகாது. யூடியூபிலும் 'ஸ்டேபிள் வால்யூம்' என்று இப்படி ஒன்று உண்டு. வீடியோவின் சக்கரச் சின்னத்துக்குள் இருக்கும்.

ப்ளூடூத் ஹெட்செட்டுக்கு மாறிவிடலாமா என்று மகன் கேட்பார். வகுப்புக்கு வேண்டாம். அதன் மைக்கை ஜூம் எடுத்துக்கொண்ட நொடியில் அது பாட்டுக் கேட்கும் நிலையை விட்டு ஃபோன் பேசும் நிலைக்குத் தாவும். ஒலி தகர டப்பாவில் தட்டியதுபோல ஆகி, வால்யூமும் வேறாகத் தெரியும். தாமதமும் கூடும். ப்ளூடூத் வால்யூமுக்கு, விண்டோஸ் தன் உள் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன, உங்கள் தொல்லைக்கு அவை தேவையில்லை.

மே மாதத்தில் மட்டும் ஒரு கூடுதல் விஷயம். வேலூர் வெயிலில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் லேப்டாப் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வெகுநேரம் ஓட்டினால், புதிய மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் ஸ்பீக்கர் கம்பிச்சுருள் சூடாவதைப் பார்த்து ஆம்ப்ளிஃபயரே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் கோளாறில் சேராது.

கடைக்காரர் சொன்ன மதர்போர்டுக்கு வருகிறேன். பணம் கொடுப்பதற்கு முன், யூஎஸ்பியில் செருகும் சின்ன சவுண்ட் அடாப்டர் ஒன்றை வாங்கி, உங்கள் ஹெட்செட்டை அதில் மாட்டிப் பாருங்கள். அதற்குள் தனியாக ஒலிச் சில்லு இருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் சில்லையும் ஜாக்கையும் அது தொடவே தொடாது. அதிலும் அதே தொல்லை வந்தால் மதர்போர்டைக் குறை சொல்ல வழியே இல்லை, ஹெட்செட்டையும் செட்டிங்ஸையும்தான் பார்க்க வேண்டும். அதில் வராமல் ஜாக்கில் மட்டும் வந்தால், கெட்டது அந்த ஜாக். அப்போதும் அடாப்டரையே வைத்துக்கொண்டு வகுப்பை நடத்தலாம், ஜாக்கை மட்டும் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.